29 வயதில் மறைந்த மக்கள் கவிஞர்: ரேடியோவில் ஒலித்துக்கொண்டே இருக்கும் பட்டுக்கோட்டையார் பாட்டு

பட்டுக்கோட்டை:

தீபாவளி வந்துவிட்டால் போதும். எந்த ரேடியோவைத் திருப்பினாலும் சுசீலா குரலில் அந்த மத்தாப்பு பாட்டு வந்துவிடும். அதே மெட்டில் ஏ.எம்.ராஜா சோகமாகப் பாடுவதும் பின்னாலேயே வரும். 'கல்யாணப்பரிசு' படத்துப் பாட்டு. வெளிவந்தது 1959-ல். இத்தனை வருஷமாகியும் தீபாவளிக்கு தீபாவளி புதுசு போல கேட்கிறார்கள்.

பாட்டை எல்லாருக்கும் தெரியும். பாடியவர்களைத் தெரியும். படத்தில் நடித்த ஜெமினி கணேசனையும் சரோஜாதேவியையும் தெரியும். எழுதியவர் யார் என்று கேட்டால்தான் பல பேர் கண்ணதாசன் என்று சொல்லிவிடுவார்கள். அது தப்பு. எழுதியது நம்ம பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அந்தப் படம் திரைக்கு வந்த ஆறு மாதத்தில் அவர் உயிரோடு இல்லை. அப்போது அவருக்கு வயது 29.

தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டை பக்கத்தில் உள்ள செங்கப்படுத்தான்காடு என்ற சின்ன கிராமம்தான் சொந்த ஊர். 1930-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி பிறந்தார். அப்பா அருணாசலம் பிள்ளை. அம்மா விசாலாட்சி. ஒரு அண்ணன் உண்டு, பெயர் கணபதிசுந்தரம். அப்பா விவசாயிதான் என்றாலும் கும்மிப்பாட்டு கட்டக்கூடியவர். ஆகவே பாட்டு என்பது அந்த வீட்டுக்குப் புதுசு இல்லை.

பள்ளிக்கூடப் படிப்பு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளூர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வயல், மாடு, குளம், கடற்கரை இதுதான் பள்ளிக்கூடம்.

பார்க்காத வேலை இல்லை

கல்யாணசுந்தரம் பார்த்த வேலைகளைப் பட்டியல் போட்டவர்கள் 17 தொழில் என்று கணக்கு சொல்வார்கள். வயலில் உழுதிருக்கிறார். மாடு மேய்த்திருக்கிறார். பிறகு அதே மாட்டை வாங்கி விற்கும் வியாபாரமும் செய்திருக்கிறார். மாம்பழம் விற்றார். இட்லி விற்றார். முறுக்கு விற்றார். தேங்காய் வியாபாரம், கீற்று வியாபாரம் எல்லாம் பார்த்தார். மீன், நண்டு பிடித்தார். உப்பளத்தில் கூலி வேலை செய்தார். மிஷின் ஓட்டினார். தண்ணீர் வண்டி இழுத்தார். இடையிலே நாடக நடிகர், பாடகர், நடனக்காரர், அரசியல் தொண்டர். கடைசியில்தான் சினிமா கவிஞர்.

உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வேலை என்ன பாடு படுத்தும் என்று. வெயில் மேலே இருந்து காயும். உப்பு கீழே இருந்து காலை அரிக்கும். கண் கூசும். கூலி என்னவோ கொஞ்சம்தான். அங்கே நின்றவர் பிற்காலத்தில் தொழிலாளியைப் பற்றிப் பாட்டு எழுதினால் அது எப்படி இருக்கும்? ஏசி ரூமில் உட்கார்ந்து கற்பனை பண்ணி எழுதினது மாதிரியா இருக்கும்?

சின்ன வயதிலேயே பாட்டு தானாக வந்திருக்கிறது. வயல் வேலைக்குப் போய் வரும் வழியில் ஒரு குளக்கரையில் உட்கார்ந்திருந்தாராம். கரையோரம் கெண்டைக் குஞ்சுகள் துள்ளி விளையாடின. தூண்டில்காரன் வருகிற நேரம், கரைப்பக்கம் வராதே என்று அந்த மீன் குஞ்சுக்குப் புத்தி சொல்லி ஒரு பாட்டு கட்டினார். அவர் கட்டிய முதல் பாட்டு அதுதான் என்று சொல்லுவார்கள். கவனித்துப் பார்த்தால் பிறகு சினிமாவில் அவர் எழுதிய பாட்டிலும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார். மீன் குஞ்சு இருந்த இடத்தில் ஏழைப் பையன் வந்தான். வேறு ஒன்றும் மாறவில்லை.

விவசாயிகள் போராட்டம்

அவர் வாலிபராக இருந்த காலத்தில் தஞ்சை மாவட்டம் கொதித்துக் கொண்டிருந்தது. பெரிய பண்ணைகளில் கூலி ஆட்களைச் சவுக்கால் அடிப்பதும், சாணிப்பாலைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் அன்றைக்கு நடந்த கொடுமைகள். இதை எதிர்த்து சீனிவாசராவ் தலைமையில் கம்யூனிஸ்டு கட்சிக்காரர்கள் விவசாய சங்கம் கட்டினார்கள். 1950-ம் ஆண்டு மே மாதம் பட்டுக்கோட்டை வட்டாரத்திலேயே வாட்டாக்குடி இரணியன் போலீஸ் துப்பாக்கிக்கு பலியானார். ஜாம்பவானோடை சிவராமனும் அதே மாதத்தில் சுடப்பட்டார்.

இதையெல்லாம் கிட்டத்தில் இருந்து பார்த்தவர் கல்யாணசுந்தரம். சங்கத்தில் சேர்ந்தார். கட்சிக் கூட்டங்களில் பாடினார். ஜீவா என்றால் அவருக்கு உயிர். கட்சிப் பத்திரிகையான 'ஜனசக்தி'யில் அவர் கவிதைகள் வந்தன.

நடுவில் நாடக ஆசையும் விடவில்லை. சக்தி நாடக சபாவில் சேர்ந்து வேஷம் கட்டினார். பிறகு புதுச்சேரிக்குப் போய் பாரதிதாசனிடம் சேர்ந்தார். அவருடைய 'குயில்' பத்திரிகை வேலையில் உதவியாக இருந்தார். அகல்யா என்ற புனைபெயரில் கவிதை எழுதினார். பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம். அ.கல்யாணசுந்தரம் என்பதைத்தான் சுருக்கி அகல்யா என்று வைத்துக்கொண்டார்! பாரதிதாசன் மீது அவருக்கு இருந்த பக்தி சாமானியமானது இல்லை. கடிதம் எழுதினால் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் பாரதிதாசனை வாழ்த்தி எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு விஷயத்துக்கே வருவார்.

1954-ல் திண்டுக்கல்லில் நடந்த விவசாயிகள் மாநாட்டில் 'கண்ணின் மணிகள்' நாடகம் போட்டார்கள். அதற்குப் பாட்டெழுதியவர் கல்யாணசுந்தரம். கூட்டம் கூட்டமாக வந்திருந்த விவசாயிகள் அந்தப் பாட்டுகளை ரசித்தார்கள். நம்ம கஷ்டத்தை நம்ம பேச்சிலேயே ஒருத்தன் பாடுகிறானே என்ற ஆச்சரியம்!

சென்னைக்கு வந்தார்

சினிமாவில் பாட்டெழுத வேண்டும் என்று சென்னைக்கு வந்தவர் ராயப்பேட்டையில் ஒரு ரூமில் தங்கினார். கூட இருந்தவர்களில் ஓ.ஏ.கே.தேவரும் ஒருவர். பின்னாளில் வில்லன் நடிகராகப் பெயர் வாங்கியவர். சினிமா கம்பெனி வாசல் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவது, டீயைக் குடித்துப் பொழுதை ஓட்டுவது, சாப்பாடு கிடைத்த அன்று சாப்பிடுவது. அப்போது சினிமாவுக்கு வந்த எல்லாருடைய கதையும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் எழுதியது 'படித்த பெண்' என்ற படத்துக்கு. ஆனால் அது வெளியே வருவதற்குள் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மகேஸ்வரி' 1955-லேயே முந்திக்கொண்டது. 'படித்த பெண்' வந்தது 1956-ல்.

அந்த 1956-ம் ஆண்டில்தான் 'பாசவலை' வந்தது. அதுவும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. இந்தப் படத்துக்குப் பாட்டெழுத ஒரு புதுப் பையன் வந்திருக்கிறான் என்று ஸ்டூடியோவில் சொன்னபோது, எம்.எஸ்.விஸ்வநாதன் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். பெரிய பெரிய கவிஞர்கள் இருக்கும்போது அனுபவம் இல்லாத புதுசு எதுக்கு என்பது அவர் எண்ணம். கல்யாணசுந்தரமோ போகவில்லை. காத்துக்கிடந்தார். கடைசியில் எழுதின பேப்பரையாவது பாருங்கள் என்று நீட்டினார்கள். வேண்டா வெறுப்பாக வாங்கிப் பார்த்த விஸ்வநாதன் அப்படியே ஆடிப்போய்விட்டார்.

என்ன பாட்டு? தப்பி வந்த ஆட்டுக்குட்டி யாருக்குச் சொந்தம் என்று ஆரம்பித்து, ஒன்றை ஒன்று விழுங்குகிற கணக்கை வரிசையாகச் சொல்லி, கண்ணில் பட்டதை எல்லாம் வளைத்துப் போடுகிற மனுசனுக்குக் கடைசியில் மிஞ்சுவது புதைக்கிற குழி அளவு மண்தான் என்று முடிகிற பாட்டு. சி.எஸ்.ஜெயராமன் கணீர் என்று பாடியிருப்பார். இப்படி ஒரு ஆளைக் காக்க வைத்துவிட்டோமே என்று விஸ்வநாதன் பல வருஷம் கழித்தும் மேடைகளில் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, இதை ஒளிக்காமல் வெளியே சொன்னதே அவருடைய பெரிய மனசு.

அதற்குப் பிறகு படங்கள் வரிசை கட்டி வந்தன. 1957-ல் 'சக்கரவர்த்தி திருமகள்', 'புதையல்', 'மகாதேவி'. 1958-ல் 'பதிபக்தி', 'நாடோடி மன்னன்'. 1959-ல் 'தங்கப்பதுமை', 'கல்யாணப்பரிசு', 'அமுதவல்லி', 'பாகப்பிரிவினை'. எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஜெமினி என மூன்று பேருக்கும் எழுதினார். டி.ஆர்.மகாலிங்கமும் சுசீலாவும் பாடிய 'அமுதவல்லி' நிலவுப் பாட்டைக் கேட்டால் விவசாய சங்கத்து ஆள் எழுதியதா இது என்று தோன்றும். அவ்வளவு குளிர்ச்சி. 'புதையல்' படத்தில் சந்திரபாபு குதித்துக் குதித்துப் பாடுகிற காதல் பாட்டும் இவர் எழுதியதுதான்.

அதே 'புதையல்' படத்தில் தறி நெய்கிற பாட்டு ஒன்று உண்டு. இழை இழையாகச் சேர்ந்து துணியாகிற அழகைச் சொல்லிக்கொண்டே, அதை நெய்கிறவர்களையும் கூடவே கொண்டு வந்துவிடுவார். 'மகாதேவி'யில் எம்.ஜி.ஆர். தாயத்து விற்கிற பாட்டு. தாயத்தை விற்றுக்கொண்டே தாயத்தை நம்புகிறவனைக் கிண்டல் பண்ணுவது சாதாரண வேலையா? சந்தையில் நின்று வியாபாரம் பண்ணினவருக்குத்தான் அந்த நக்கல் வரும். அந்தப் படத்துக்கு வசனம் கண்ணதாசன் என்பது இன்னொரு விசேஷம்.

ரேடியோவும் இலங்கையும்

இந்தப் பாட்டெல்லாம் ஜனங்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது. செல்போனைத் தட்டினால் பாட்டு வருகிற காலம் இது. அன்றைக்கு சினிமா கொட்டகையை விட்டால் கிராமபோன் ரிக்கார்டு, ரேடியோ இரண்டுதான். ரிக்கார்டு பெட்டி வாங்க பணக்காரனால்தான் முடியும். கல்யாண வீட்டிலும் கோவில் திருவிழாவிலும் மைக்செட்காரர் மரத்தில் புனல் ஸ்பீக்கரைக் கட்டிப் போட்டால் ஊரே கேட்கும்.

ரேடியோ விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது. 1952 முதல் 1962 வரை மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. கர்நாடக சங்கீதமும் இந்துஸ்தானியும்தான் ரேடியோவில் வரவேண்டும், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுத்துவிடும் என்பது அவர் கட்சி. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமலேயே போனது. ஜனங்கள் என்ன செய்வார்கள்? முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலி கிடைத்தது!

பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், வேதாரண்யம் பக்கமெல்லாம் இலங்கை எட்டிப்பிடிக்கிற தூரம்தானே. திருச்சியை விட கொழும்பு தெளிவாகக் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காலையில் எழுந்தால் இலங்கை வானொலி, சாயங்காலம் டீக்கடையில் இலங்கை வானொலி. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது இவர்களெல்லாம் தமிழ்நாட்டில் சினிமா நடிகர் அளவுக்குப் பிரபலம். போஸ்ட் கார்டில் பெயர் எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயர் வருகிறதா என்று ரேடியோ பக்கத்திலேயே காத்துக்கிடந்தவர்கள் எத்தனை பேர்! பாட்டு போடும்போது படத்தின் பெயர், பாடியவர் பெயரோடு பாட்டெழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். பட்டுக்கோட்டை என்ற ஊர்ப் பெயர் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தெரிந்தது அப்படித்தான்.

நிலைமையைப் பார்த்து இந்தியாவும் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ந்தேதி விவித்பாரதி ஆரம்பமானது. ஆக, சினிமாப் பாட்டு கூடாது என்று மந்திரி கதவைச் சாத்திய அதே காலம்தான் கல்யாணசுந்தரம் எழுதிக் குவித்த காலமும். அவர் பாட்டு ரசனையைக் கெடுக்கிற பாட்டா? உழைக்கச் சொன்ன பாட்டு, திருடாதே என்று சொன்ன பாட்டு, மூடநம்பிக்கையை விடச் சொன்ன பாட்டு! இதைத்தான் வேண்டாம் என்று ஓரம் கட்டினார்கள். டீக்கடைக்காரருக்குத் தெரிந்தது டெல்லிக்குத் தெரியவில்லை.

எம்.ஜி.ஆர். நாற்காலி

1958 ஆகஸ்டு 22-ந்தேதி 'நாடோடி மன்னன்' வெளிவந்தது. எம்.ஜி.ஆர். சொந்தப் பணத்தைப் போட்டு, தானே டைரக்ட் செய்து, இரண்டு வேஷத்தில் நடித்த படம். அதில் டி.எம்.சவுந்தரராஜன் குரலில், தூங்கிப் பொழுதைக் கழிக்காதே என்று ஒரு சின்னப் பையனுக்குப் புத்தி சொல்கிற பாட்டு பட்டுக்கோட்டையாருடையது. அதே படத்தில் ஒரு ஆணும் பெண்ணும் கேள்வியும் பதிலுமாகப் பாடுகிற பாட்டும் உண்டு. நிலமெல்லாம் விளைந்தும் பாடுபட்டவன் வீட்டில் ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை என்று அவள் கேட்பாள். அவன் நம்பிக்கை சொல்வான். தஞ்சாவூர் பண்ணை ஆளின் வயிற்றெரிச்சலைக் கொண்டுபோய் ராஜா ராணி படத்துக்குள் வைத்துவிட்டார் மனுசன்!

எம்.ஜி.ஆருக்கு இது பிடித்துப்போனது. ஏழைக்குப் பாடுகிற நாயகன் என்ற உருவம் அவருக்கு இந்தப் பாட்டுகளால் கெட்டியானது. 1977-ல் முதல்-மந்திரி ஆன பிறகு, தன்னுடைய நாற்காலியின் நாலு காலில் ஒரு கால் பட்டுக்கோட்டையின் பாட்டுகள் என்கிற பொருளில் அவரே சொன்னது தமிழ்நாடு அறிந்த விஷயம். மற்ற மூன்று கால் எது என்று அவரவர் தங்கள் கட்சிக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள். அது வேறு கதை.

பணத்துக்கு வளையாதவர்

சினிமாவில் பணம் வாங்குவது என்பது அன்றைக்கும் இன்றைக்கும் பெரும் பாடு. பாட்டெழுதி வாங்கிக்கொண்டு, பணம் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். ஒரு தயாரிப்பாளர் இப்படித்தான் இவரை இழுத்தடித்தார். ஒரு நாள் நேரில் போய்க் கேட்டபோது, காத்திரு என்று நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கல்யாணசுந்தரத்துக்கு வந்ததே கோபம்! சட்டைப்பையில் இருந்த பேப்பரை எடுத்தார். பெற்றவள் தாய், வளர்த்தது தமிழ், என்னை நிற்கச் சொல்ல நீ யார் என்கிற அர்த்தத்தில் நறுக்கென்று நாலு வரி எழுதி மேஜையில் வைத்துவிட்டு நடையைக் கட்டிவிட்டார். அதைப் படித்த தயாரிப்பாளர் அலறி அடித்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தனுப்பினார் என்று கோடம்பாக்கத்தில் சொல்வார்கள். கூலியை ஏமாற்றுகிறவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று விவசாய சங்கத்தில் படித்த பாடமாச்சே!

1957-ம் ஆண்டு செப்டம்பரில் அவருக்குக் கல்யாணம். மணமகள் கவுரவாம்பாள். பாரதிதாசன் தலைமையில் சென்னையில் நடந்தது. வருமானம் வர ஆரம்பித்த நேரம். தனிக்குடித்தனம். ரூமில் நாலு பேரோடு பாய் விரித்துப் படுத்த காலம் போனது. 1959-ல் ஆண் குழந்தையும் பிறந்தது.

அதே வருஷம் ஏப்ரலில் 'கல்யாணப்பரிசு'. ஸ்ரீதர் டைரக்ட் செய்த முதல் படம். இசை ஏ.எம்.ராஜா. எல்லாப் பாட்டும் பட்டுக்கோட்டையார். சைக்கிளில் போய்க்கொண்டே பாடுகிற காதல் ஜோடியின் பாட்டு அந்தக் காலத்து காலேஜ் பிள்ளைகளைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது. காதலில் தோற்றவனுக்கு ஒரு பாட்டு, தோற்றவளுக்கு ஒரு பாட்டு, தீபாவளிக்கு சிரிக்க ஒரு பாட்டு, அழ ஒரு பாட்டு. படம் ஓஹோ என்று ஓடியது. இலங்கை வானொலியில் அந்தப் பாட்டுகள் வராத நாளே கிடையாது. புரட்சிப்பாட்டுதான் எழுதுவார், காதல் வராது என்று சொன்னவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

இன்னும் முப்பது வயது ஆகவில்லை. கையில் நிறைய படம். வீட்டில் கைக்குழந்தை.

அக்டோபர் 8

1959 அக்டோபரில் திடீரென்று உடம்பு கெட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பலன் இல்லை. 8-ந்தேதி உயிர் பிரிந்தது. கல்யாணமாகி இரண்டே வருஷம். குழந்தைக்கு அப்பா முகம் தெரிகிற வயதுகூட இல்லை.

சினிமா உலகம் அதிர்ந்துபோனது. போட்டிக் கவிஞர் என்று ஊரெல்லாம் பேசிய கண்ணதாசன்தான் மனசு உடைந்து இரங்கல் கவிதை எழுதினார். பாட்டு எழுதுவதில் போட்டி இருந்திருக்கலாம், மனுசங்களுக்குள் இல்லை.

அவர் செத்த பிறகும் புதுப்பாட்டு வந்துகொண்டே இருந்தது என்பதுதான் இதில் பெரிய கொடுமை. 1960-ல் சிவாஜி நடித்த 'இரும்புத்திரை' வந்தது. மில் தொழிலாளி கதை. சம்பளம் வாங்கின கையோடு அது எங்கே போனது என்றே தெரியாமல் மாயமாகிற கூத்தைச் சிரிப்புப் பாட்டாக எழுதியிருந்தார். கடன்காரன், வாடகை, மளிகை என்று ஒன்றாம் தேதியே துடைத்து வைக்கிற வீடுகளில் இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் சிரிப்பு வரும், கூடவே வேறு ஏதோவும் வரும். அதே வருஷம் வந்த 'பாதை தெரியுது பார்' படத்திலும் அவர் பாட்டு உண்டு. நிமாய் கோஷ் டைரக்ட் செய்து, எம்.பி.சீனிவாசன் இசையமைத்த, தொழிலாளர்களைப் பற்றிய படம் அது. ஜெயகாந்தனும் அதில் பாட்டு எழுதினார்.

1961-ல் 'அரசிளங்குமரி'. எம்.ஜி.ஆர். ஒரு சிறுவனுக்கு, ஆள் வளர்வது மாதிரி அறிவும் வளர வேண்டும், மரத்தில் பேய் இருக்கிறது என்று சொன்னால் நம்பாதே என்று சொல்கிற பாட்டு. அதே ஆண்டு மார்ச்சில் 'திருடாதே'. சீர்காழி நாடக மேடையில் எம்.ஜி.ஆருக்குக் கால் எலும்பு முறிந்ததால் தாமதமான படம். திருடக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்கிற அந்தப் பாட்டில் பட்டுக்கோட்டையார் அதோடு நிறுத்தவில்லை. சட்டம் போட்டுத் திருட்டை ஒழிக்க முடியாது, திருடுகிறவன் தானே திருந்த வேண்டும், எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டால் திருட்டுக்கே வேலை இருக்காது என்று போகும். டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டு முழங்கியபோது எழுதியவர் போய் ஒன்றரை வருஷம்.

மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் சினிமாவில் அவர் இருந்தது ஐந்து வருஷம். பாட்டு இருநூறை எட்டாது. ஆயிரக்கணக்கில் எழுதிய கவிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் மே தினம் வந்தால் எந்தக் கட்சி மேடையாக இருந்தாலும் மைக்செட்காரர் தேடுவது இந்த இருநூறுக்குள்தான். மக்கள் கவிஞர் என்ற பட்டமும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கவுரவாம்பாள் கைக்குழந்தையோடு தனியாக நின்றவர். 1981-ல் தமிழக அரசு பட்டுக்கோட்டையாருக்குப் பாவேந்தர் விருது அறிவித்தது. முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். கையால் அதை வாங்கிக்கொண்டவர் கவுரவாம்பாள்தான். கணவர் போய் 22 வருஷம் கழித்து! பாடல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது. பட்டுக்கோட்டையில் மணிமண்டபமும் கட்டப்பட்டது.

இலங்கை வானொலியின் பழைய மவுசு போய்விட்டது. டிரான்சிஸ்டர் போய் டேப் ரிக்கார்டர் வந்து, அதுவும் போய்விட்டது. 2000-க்குப் பிறகு தனியார் எப்.எம்.கள் வந்தன. பகலெல்லாம் புதுப்பாட்டு போட்டாலும் ராத்திரி ஆனால் அவர்களும் பழைய பாட்டுக்குத்தான் வருகிறார்கள். ராத்திரி ஷிப்டு வாட்ச்மேன், லாரி டிரைவர், இட்லிக்கடைக்காரர், தறி ஓட்டுகிறவர் இவர்கள்தான் கேட்கிறவர்கள். ஒரே ஒரு குறை. எப்.எம்.மில் பேசுகிற தம்பி தங்கைகள் நடிகர் பெயரைச் சொல்கிறார்கள், இசையமைப்பாளர் பெயரைச் சொல்கிறார்கள். எழுதினவர் பெயரையும் ஒரு தடவை சொன்னால் என்ன? ஏப்ரல் 13-ந்தேதியும், அக்டோபர் 8-ந்தேதியும் மட்டும் அந்தப் பெயர் தவறாமல் வந்துவிடுகிறது.